பெயர் போனால் கோப்பு போகுமா?

விண்டோஸ் கணினியில் ஒரு வேர்டு கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டே அதை நீக்கிப் பாருங்கள். ‘இது வேறொரு நிரலில் திறந்திருக்கிறது, நீக்க முடியாது’ என்று கணினி மறுத்துவிடும். அதையே லினக்ஸில் செய்தால் ஒரு முணுமுணுப்பும் எழாது. கோப்பு பட்டியலிலிருந்து மறைந்துவிடும். ஆனால் அதைத் திறந்து வைத்திருக்கும் நிரல், எதுவுமே நடக்காததுபோல் அதில் எழுதிக்கொண்டே இருக்கும். வட்டு நிரம்பிவிட்டதே என்று பெரிய பதிவுக் கோப்பு ஒன்றை நீக்கிவிட்டு, காலியிடம் ஒரு பைட் கூட அதிகமாகவில்லையே என்று சர்வர் நிர்வாகிகள் திகைப்பது இதனால்தான். கோப்பு போய்விட்டது, இடம் மட்டும் வரவில்லை. அப்படியானால் போனது எது?

போனது பெயர் மட்டும். யூனிக்ஸ் வழிவந்த அமைப்புகளில் கோப்புறை என்பது இரண்டு பத்திகள் கொண்ட அட்டவணைதான். ஒரு பத்தியில் பெயர், மறு பத்தியில் ஓர் எண். அதை ‘ஐநோடு’ எண் என்பார்கள். கோப்பின் அளவு என்ன, உரிமையாளர் யார், தரவு வட்டில் எங்கெங்கே கிடக்கிறது என்ற விவரங்கள் எல்லாம் அந்த எண்ணுக்குரிய பதிவில் இருக்கும். பெயர் மட்டும் அதில் இருக்காது. ஒரே ஐநோடுக்கு இரண்டு மூன்று பெயர்கள்கூட இருக்கலாம்.

இயங்குதளம் ஒவ்வொரு ஐநோடுக்கும் இரண்டு கணக்குகள் வைத்திருக்கிறது. எத்தனை பெயர்கள் இதைச் சுட்டுகின்றன என்பது ஒன்று. எத்தனை நிரல்கள் இதைத் திறந்து வைத்திருக்கின்றன என்பது மற்றொன்று. நீக்கும் கட்டளை முதல் கணக்கில் ஒன்றைக் குறைக்கிறது, அவ்வளவுதான். இரண்டு கணக்குகளும் பூஜ்யமான பிறகே வட்டில் இடம் விடுபடும்.

இதை யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்ஓஎஃப்’ என்ற கட்டளை லினக்ஸில் உண்டு. பெயர் இழந்தும் உயிரோடு இருக்கும் கோப்புகளுக்குப் பக்கத்தில் ‘நீக்கப்பட்டது’ என்ற குறிப்போடு அது காட்டும். அந்த நிரலை நிறுத்தினால் குறிப்பும் மறையும், காலியிடமும் திரும்பும். நிரல் ஓடிக்கொண்டிருக்கும்வரை, நீக்கப்பட்ட கோப்பின் உள்ளடக்கத்தை ‘புராக்’ என்ற கோப்புறை வழியாக நகலெடுத்து மீட்கவும் முடியும்.

ஒரு கணினியில், ஒருவர் நீக்கும்போது இது சுவையான விநோதம். ஆயிரக்கணக்கான நிரல்கள் ஒரே கோப்பைச் சுற்றி நிற்கும்போது இதுவே தரவைத் தின்னும்.

ஜப்பானின் கோபே நகரில் ரிக்கென் ஆய்வு நிறுவனம் நிறுவிய ஃபுகாகு மீத்திறன் கணினியில் 1,58,976 கணுக்கள் இருக்கின்றன. கணு என்றால் தனக்கென்று செயலியும் நினைவகமும் கொண்ட ஒரு முழுக் கணினி. இப்படிப்பட்ட இயந்திரத்தில் வானிலைக் கணிப்பு ஓடுகிறது என்றால், வரைபடத்தின் ஒவ்வொரு துண்டையும் ஒரு ‘செயல்முறை’ கணக்கிடுகிறது என்று பொருள். எல்லாச் செயல்முறைகளும் ஒரே நிரலின் பிரதிகள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்தில் தொடங்கும் ஒரு வரிசை எண் மட்டும் வேறு. அவை தங்களுக்குள் செய்தி பரிமாறிக்கொள்ளும் பொது விதிமுறைக்கு எம்பிஐ என்று பெயர். அதன் முதல் பதிப்பு 1994இல் வந்தது. பல செயல்முறைகள் சேர்ந்து ஒரே கோப்பில் எழுதும் வசதி 1997இல் வந்த எம்பிஐ-2 பதிப்பில் சேர்ந்தது.

இந்த வசதியில் புதியவர்கள் கவனிக்கத் தவறும் ஒரு வழக்கம் உண்டு. எழுதுவதற்காகக் கோப்பைத் திறந்தால் பழைய உள்ளடக்கம் தானாக அழியாது. நேற்றைய முடிவு 10 கிகாபைட், இன்றைய முடிவு 6 கிகாபைட் என்று வைத்துக்கொள்வோம். அதே பெயரில் எழுதினால் முதல் 6 கிகாபைட்டில் இன்றைய கணக்கும், மிச்சமுள்ள 4 கிகாபைட்டில் நேற்றைய வாலும் ஒட்டிக்கொண்டிருக்கும். இதைக் கண்டுகொண்டவர் இயல்பாகச் செய்வது, எழுதும் முன் பழைய கோப்பை நீக்கிவிடுவது. நிரலில் இரண்டு வரிகள் சேர்க்கிறார்: ‘நீக்கு’, ‘புதிதாகத் திற’.

அவர் மறப்பது, அந்த இரண்டு வரிகளை ஒரு ஆள் ஓட்டப்போவதில்லை என்பதை. நிரல் ஒன்றுதான், ஆனால் அதை எல்லாச் செயல்முறைகளும் ஓட்டும். ஒவ்வொன்றும் சாதாரண முறையில் தானாகவே கோப்பைத் திறப்பதாகக் கொள்வோம். ஐந்தாம் செயல்முறை முந்திக்கொண்டு பழைய கோப்பை நீக்குகிறது, புதிதாக ஒன்றை உருவாக்குகிறது, எழுதத் தொடங்குகிறது. ஒன்பதாவது சற்றுத் தாமதமாக வருகிறது. அதே பெயரில் ஒரு கோப்பு இருப்பதைக் காண்கிறது. அது ஐந்தாம் செயல்முறை உருவாக்கிய புதுக் கோப்பு என்று அதற்குத் தெரியாது. நீக்குகிறது, தன் பங்குக்கு ஒன்றை உருவாக்குகிறது. பிறகு பதினேழாவது வருகிறது.

இப்போது ஐந்தாம் செயல்முறையின் நிலை என்ன? அது திறந்து வைத்திருக்கும் ஐநோடுக்குப் பெயர் இல்லை. திறப்புக் கணக்கு பூஜ்யம் ஆகவில்லை என்பதால் ஐநோடு உயிரோடுதான் இருக்கிறது. அது எழுதுகிறது, ஒவ்வொரு முறையும் ‘வெற்றி’ என்றே பதில் வருகிறது. வேலை முடிந்து கோப்பை மூடும் கணத்தில் இரண்டு கணக்குகளும் பூஜ்யமாகி, எழுதியது அத்தனையும் காற்றோடு போகிறது. இறுதியில் மிஞ்சுவது கடைசியாக வந்த ஒரு செயல்முறையின் துண்டு மட்டும். பிழைச் செய்தி ஒன்றுகூட வராது. நிரலர் மறுநாள் வந்து பார்த்தால் வரைபடத்தில் ஒரே ஒரு சதுரம் நிரம்பியிருக்கும், மற்ற இடமெல்லாம் வெறுமையாக இருக்கும்.

யார் முந்துகிறார் என்பதைப் பொறுத்து விடை மாறும் இந்த வகைப் பிழையை ‘முந்துகைப் பிழை’ என்று சொல்லலாம். இதற்குப் பலரும் முதலில் தேடும் மருந்து, ‘கோப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இருந்தால் மட்டும் நீக்கு’ என்பது. அது பயன் தராது. பார்த்த நேரத்துக்கும் நீக்கிய நேரத்துக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் வேறொரு செயல்முறை புகுந்துவிடும். பார்த்தபோது இருந்த கோப்பு நீக்கும்போது இல்லாமல் போயிருக்கலாம், அல்லது அதே பெயரில் வேறு கோப்பு வந்திருக்கலாம். பெயர் மாறாததால் ஆள் மாறியது தெரியாது. கேட்காமலே நீக்கிவிட்டு, ‘அப்படி ஒரு கோப்பே இல்லை’ என்ற பதில் வந்தால் அதையும் வெற்றியாக எடுத்துக்கொள்வது இதைவிட நேர்மையான வழி. ஆனாலும் ஒன்பதாவது செயல்முறை ஐந்தாவதின் கோப்பை நீக்குவதை இது தடுக்காது.

தடுப்பதற்கான வழி நம் கல்யாணப் பந்தியிலேயே இருக்கிறது. ஒருவர் இன்னும் பாயசத்தில் இருக்க, பக்கத்து இலைக்காரர் மோர்சாதமே முடித்திருப்பார். ஆனாலும் பந்தி எழுந்த பிறகுதான் இலை எடுக்க ஆள் வரும். எடுத்து, துடைத்து, புது இலை போட்ட பிறகுதான் அடுத்த பந்தி உட்காரும். கவனித்தால் இதில் மூன்று விதிகள் தெரியும். இலை எடுப்பது ஒருவரின் வேலை. எல்லோரும் எழும்வரை அவர் காத்திருக்கிறார். அவர் முடிக்கும்வரை வரப்போகிறவர்கள் காத்திருக்கிறார்கள்.

இணைக் கணினியாக்கத்தில் இந்தக் காத்திருப்புக்குத் ‘தடுப்பு’ என்று பெயர். எம்பிஐயில் தடுப்பு என்ற கட்டளையை அடைந்த செயல்முறை, மற்ற எல்லாரும் அதே இடத்துக்கு வந்து சேரும்வரை நகராது. ஆகவே சரியான வரிசை இது: எல்லாரும் பழைய கோப்பை மூடுங்கள், தடுப்பில் நில்லுங்கள், பூஜ்யம் என்ற வரிசை எண் உடையவர் மட்டும் நீக்கட்டும், மறுபடி தடுப்பு, பிறகு எல்லாரும் திறங்கள். இரண்டாம் தடுப்பை விட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. பூஜ்யம் நீக்குவதற்குள் மூன்றாவது செயல்முறை பழைய கோப்பைத் திறந்துவிட்டால், பெயரில்லா ஐநோடு கதை மறுபடி தொடங்கும்.

எம்பிஐ விதிமுறையே இந்தக் குழப்பத்துக்குக் கொஞ்சம் இடம் தருகிறது. அதில் கோப்பைத் திறப்பதும் மூடுவதும் ‘கூட்டுச் செயல்கள்’. குழுவில் உள்ள அத்தனை பேரும் சேர்ந்து அழைத்தால்தான் நடக்கும். நீக்குவது அப்படியல்ல. அது தனிச் செயல், யார் அழைத்தாலும் அவர் அளவில் நடந்துவிடும். கோப்பை யாராவது திறந்து வைத்திருக்கும்போது நீக்கினால் என்ன ஆகும் என்பதை விதிமுறை வரையறுக்கவில்லை. எம்பிஐயை அந்தந்தக் கணினியில் உருவாக்கியவரின் முடிவுக்கு விட்டுவிட்டது. விண்டோஸும் லினக்ஸும் வேறு வேறு பதில் தரும் கேள்விக்கு ஒரே பதிலைத் திணிக்க முடியாதல்லவா? இன்னொரு பொறியும் இருக்கிறது. செய்திப் பரிமாற்றத்தில் பிழை வந்தால் எம்பிஐ இயல்பாகவே நிரலை நிறுத்திவிடும். கோப்பில் பிழை வந்தால் ஒரு பிழை எண்ணைத் திருப்பித் தந்துவிட்டு ஓட்டத்தைத் தொடரும். அந்த எண்ணை நிரலர் பார்க்காவிட்டால் நீக்கம் தோற்றதே தெரியாது.

இதே விதிமுறையில் இரண்டு மாற்று வழிகளும் இருக்கின்றன. பழைய வால் மட்டும்தான் தொல்லை என்றால் கோப்பை நீக்கவே வேண்டாம். எல்லாரும் சேர்ந்து திறந்து, அதன் அளவைப் பூஜ்யம் ஆக்கலாம். அளவை மாற்றுவது கூட்டுச் செயல். தற்காலிகக் கோப்பு என்றால், திறக்கும்போதே ‘மூடியதும் நீக்கு’ என்ற குறியை இடலாம். மூடுவதும் கூட்டுச் செயல் என்பதால் கடைசி ஆள் வரும்வரை கோப்பு காத்திருக்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் சில இடங்களில் பேய் நடமாடும். தடுப்பு ஒன்றுசேர்ப்பது செயல்முறைகளை. வலைப்பின்னல் வழியே கோப்புகளைத் தரும் அமைப்பை அல்ல. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1980களில் உருவாக்கிய என்எஃப்எஸ் இன்றும் பல ஆய்வுக்கூடங்களில் ஓடுகிறது. அதன் தொடக்கப் பதிப்புகளில் எந்தக் கணினி எந்தக் கோப்பைத் திறந்திருக்கிறது என்ற கணக்கை சர்வர் வைத்துக்கொள்ளாது. சர்வர் திடீரென நின்று எழுந்தாலும் சிக்கல் வராமலிருக்கச் செய்த ஏற்பாடு அது. ஆனால் திறப்புக் கணக்கு இல்லையென்றால், பெயர் போன கோப்பைக் காப்பாற்றுவது யார்? இதற்கு வாடிக்கையாளர் கணினி ஒரு தந்திரம் செய்கிறது. தன்னிடமே திறந்திருக்கும் கோப்பை நீக்கச் சொன்னால், நீக்குவதற்குப் பதிலாகப் புள்ளியில் தொடங்கும் ஒரு மறைபெயரைச் சூட்டி வைத்துவிடும். கடைசியாக மூடும்போதுதான் உண்மையில் நீக்கும். நீக்குகிறவர் வேறு கணினியில் இருந்தால் இந்தத் தந்திரம் எடுபடாது. திறந்து வைத்திருந்தவருக்குப் ‘பழையதாகிப்போன கோப்பு’ என்ற பிழைதான் கிடைக்கும்.

போதாததற்கு ஒவ்வொரு கணுவும் கோப்புறை விவரங்களைச் சிறிது நேரம் தன் நினைவிலேயே வைத்துக்கொள்கிறது. லினக்ஸின் இயல்பான அமைப்பில் இது கோப்புகளுக்கு 3 முதல் 60 விநாடி வரையும், கோப்புறைகளுக்கு 30 முதல் 60 விநாடி வரையும் போகும். பூஜ்யம் நீக்கிவிட்டது, தடுப்பும் கடந்தாகிவிட்டது. ஆனாலும் எட்டாவது கணு ‘கோப்பு இருக்கிறதே’ என்று சாதிக்கலாம். மீத்திறன் கணினிகளில் பரவலாக உள்ள லஸ்டர் என்ற கோப்பமைப்பு இதைப் பூட்டுகளால் தீர்க்கிறது. பெயர்ப் பட்டியலைக் காக்கும் சர்வர், அதை மாற்றும் முன் மற்ற கணுக்களிடம் உள்ள பூட்டுகளைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். உண்மை எல்லாருக்கும் ஒன்றாகிறது. அதற்கு விலை நேரம்.

இந்தப் பிழைகள் அரிதாக, கணினிக்குக் கணினி மாறித் தோன்றும் என்றால், இவை இருப்பதை உறுதியாக எப்படி அறிகிறோம்? மடிக்கணினியில் நான்கு செயல்முறைகளோடு ஓட்டினால் எல்லாம் சரியாக இருக்கும், நான்காயிரத்தோடு ஓட்டினால் உடையும். அதனால் ஆய்வாளர்கள் அதிர்ஷ்டத்துக்குக் காத்திருப்பதில்லை. ஒரே ஒரு செயல்முறையை மட்டும் நீக்கும் வரிக்கு முன் வேண்டுமென்றே சில விநாடிகள் தூங்க வைக்கிறார்கள். முந்துகைப் பிழை இருந்தால் அது அப்போது தப்பாமல் வெளிவரும். நிரல் இயங்குதளத்திடம் வைக்கும் ஒவ்வொரு கோரிக்கையையும் பதிவு செய்யும் ‘எஸ்ட்ரேஸ்’ என்ற கருவியால், யார் எந்த நீக்கத்தைக் கேட்டார், என்ன பதில் வந்தது என்று வரி வரியாகப் படிக்கலாம்.

ஆனால் இரு கணுக்களின் பதிவுகளைக் கடிகார நேரத்தை வைத்து ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். கடிகாரங்கள் மிகச் சரியாக ஒத்துப்போவதில்லை. இதற்கான அடிப்படையை லெஸ்லி லாம்போர்ட் 1978இல் எழுதிய ஆய்வுரையில் தந்தார். தனித்தனிக் கணினிகளில் நடக்கும் இரண்டு நிகழ்ச்சிகளில் எது முந்தியது என்பதற்குக் கடிகாரம் சாட்சியல்ல. ஒன்றிலிருந்து கிளம்பிய செய்தி மற்றொன்றைச் சென்று சேர்ந்திருந்தால்தான் முன்பின் என்று சொல்ல முடியும். தடுப்பு செய்வதும் இதைத்தான். எல்லாரிடமும் செய்தி பெற்று, எல்லாருக்கும் செய்தி தந்து, ‘நீக்கியது முன், திறந்தது பின்’ என்ற உறவை அது உண்டாக்குகிறது.

நீக்குவதையே முழுநேர வேலையாகக் கொண்ட இணை நிரல்களும் உண்டு. கோடிக்கணக்கான கோப்புகள் சேர்ந்த கோப்புறையை ஒரு நிரல் ஒவ்வொன்றாக நீக்கினால் நாள்கணக்கில் ஆகும். அமெரிக்கத் தேசிய ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து உருவாக்கிய ‘எம்பிஐஃபைல்யூட்டில்ஸ்’ தொகுப்பில் இதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது. காலியாக இல்லாத கோப்புறையை நீக்க முடியாது என்பதால் அது ஆழத்தில் இருந்து மேலே வருகிறது. ஒரே ஆழத்தில் உள்ளவற்றை எல்லாச் செயல்முறைகளும் பங்கிட்டு நீக்கும், அந்த மட்டம் முடிந்ததும் அடுத்த மட்டம்.

நீக்கம் இப்படி வேகம் பிடிக்கும்போது தவறும் அதே வேகத்தில் பரவும். கியோட்டோ பல்கலைக்கழகத்தின் மீத்திறன் கணினியில் 2021 டிசம்பர் 14 முதல் 16 வரை சுமார் 77 டெராபைட் தரவு, ஏறக்குறைய 3.4 கோடி கோப்புகள் அழிந்தன. 14 ஆய்வுக் குழுக்கள் பாதிக்கப்பட்டன. அவற்றில் 4 குழுக்களின் தரவைக் காப்புப் பிரதியிலிருந்தும் மீட்க முடியவில்லை. யாரும் ஊடுருவவில்லை, வட்டு பழுதாகவும் இல்லை. காரணத்தைக் கணினியைப் பராமரித்த ஹியூலட் பேக்கர்டின் ஜப்பான் நிறுவனமே ஆராய்ந்து வெளியிட்டு, முழுப் பொறுப்பையும் ஏற்றது.

காப்புப் பிரதி எடுக்கும் ஸ்கிரிப்ட் ஒன்றில், பத்து நாளுக்கு மேல் பழையதான பதிவுக் கோப்புகளைத் தேடி நீக்கும் ஒரு வரி இருந்தது. அந்த ஸ்கிரிப்டைத் திருத்தினார்கள். மாறிகளின் பெயர்களைப் படிப்பதற்கு எளிதாக மாற்றினார்கள். பிறகு பழைய ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே புதியதை அதன்மேல் எழுதிவிட்டார்கள். ஸ்கிரிப்டை ஓட்டும் ‘பாஷ்’ என்ற நிரல் அதை முழுவதுமாக முதலிலேயே படித்து வைத்துக்கொள்வதில்லை. ஒரு கட்டளையை முடித்துவிட்டு, கோப்பில் விட்ட இடத்திலிருந்து அடுத்ததைப் படிக்கும். விட்ட இடம் பழைய கோப்பின் கணக்கு, படித்த எழுத்து புதிய கோப்பினுடையது. புதிய மாறிகளுக்கு மதிப்புத் தரும் வரிகள் மேலே இருந்தன, அவை ஓடவே இல்லை. எங்கே தேட வேண்டும் என்று சொல்லும் மாறி வெறுமையாக இருக்க, நீக்கும் வரி பதிவுக் கோப்புறைக்குப் பதில் ஆய்வாளர்களின் சேமிப்பகம் முழுவதையும் துழாவியது. அண்மையில் தொட்ட கோப்புகள் தப்பின. முடித்து, பத்திரமாக வைத்திருந்த பழைய முடிவுகள் போயின.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. புதிய ஸ்கிரிப்டை வேறு பெயரில் எழுதி, அதன் பின் பழைய பெயரை அதற்குச் சூட்டியிருந்தால், பழைய ஸ்கிரிப்ட் பெயரிழந்திருக்கும். ஆனால் ஓடிக்கொண்டிருந்த பாஷ் அதைத் திறந்து வைத்திருந்ததால் அதன் ஐநோடு ஓர் எழுத்துகூட மாறாமல் கடைசிவரை கிடைத்திருக்கும். மேலே எழுதியபோது ஐநோடு அதேதான், உள்ளடக்கம் மட்டும் காலடியில் மாறிப்போனது. பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் கோப்பை நீக்குவதைவிட, இருந்த இடத்திலேயே திருத்துவது ஆபத்தானது. நீக்கம், திறந்து வைத்திருப்பவரிடம் பழையதை விட்டுவைக்கிறது. மேலெழுதுவது எதையும் விட்டுவைப்பதில்லை.

அனுபவமுள்ள நிரலர்கள் இதை ஒரு பழக்கமாகவே ஆக்கிக்கொள்கிறார்கள். நீண்ட கணிப்புகள் நடுவில் நின்றுபோனால் தொடர்வதற்காக, சில மணி நேரத்துக்கு ஒருமுறை தங்கள் நிலையை ஒரு மீள்புள்ளிக் கோப்பில் சேமிக்கும். இடம் பற்றாது என்று பழையதை முதலில் நீக்கிவிட்டுப் புதியதை எழுதத் தொடங்கினால், நடுவில் மின்சாரம் போகும்போது இரண்டும் இருக்காது. ஆகவே புதியதைத் தற்காலிகப் பெயரில் எழுதுகிறார்கள், எல்லாச் செயல்முறைகளும் எழுதி முடித்ததைத் தடுப்பில் உறுதி செய்கிறார்கள், தரவு வட்டில் பதிந்துவிட்டதா என்று பார்க்கிறார்கள். அதன்பின் பூஜ்யம் மட்டும் பெயரை மாற்றுகிறது. பெயர் மாற்றம் பிரிக்க முடியாத ஒரே அடி: பார்ப்பவருக்குப் பழையது முழுதாகத் தெரியும், அல்லது புதியது முழுதாகத் தெரியும், நடுநிலை கிடையாது. பழைய மீள்புள்ளி நீங்குவது அந்த ஒரே அடியின் பக்க விளைவாகத்தான். நீக்கு என்ற சொல்லைத் தனியாக எழுத வேண்டிய தேவையே அங்கு வருவதில்லை. எழுதத்தான் வேண்டும் என்றால், மதிப்பில்லாத மாறியைக் கண்டதும் ஓட்டத்தை நிறுத்தச் சொல்லும் ஒரு வரியை ஸ்கிரிப்டின் தலையில் வைத்துவிட்டு எழுதுகிறார்கள். பாஷில் அதற்கு ஐந்தாறு எழுத்துகள் போதும்.